தலையைக் கொடுத்த தடுப்பாட்டக்காரர்

இங்கிலாந்தின் வடகிழக்குப் பகுதியில், நார்தம்பர்லாந்து மாவட்டத்தில், ஆஷிங்டன் என்றோர் ஊர் இருக்கிறது. நிலக்கரியால் பிறந்து, நிலக்கரியால் வளர்ந்து, பின்னர் நிலக்கரி போனதும் வாடிப்போன ஊர். 1950-ஆம் ஆண்டு அங்கே பதினைந்து வயதுச் சிறுவன் ஒருவனுக்கு லீட்ஸ் யுனைடெட் கால்பந்துக் கழகத்திலிருந்து தேர்வு ஆட்டத்துக்கு அழைப்பு வந்தது. அவன் மறுத்துவிட்டான். தந்தை பாப் வேலை பார்த்த சுரங்கத்துக்கே அவனும் போனான். நிலத்தின் அடியில் சிறிது காலம்தான் தாக்குப்பிடித்தான். அந்த இருட்டும் தூசியும் தனக்கு ஆகாது என்று முடிவு செய்து வேலையை விட்டான். காவல்துறையில் சேர மனுப் போட்டான். லீட்ஸ் கழகத்துக்கும் மீண்டும் சொல்லியனுப்பினான். காவல்துறையின் நேர்காணலும் கழகத்தின் தேர்வு ஆட்டமும் ஒரே நாளில் வந்தன. அவன் ஆட்டத்துக்குப் போனான்.

அந்தச் சிறுவன்தான் ஜாக் சார்ல்டன். 1966-இல் உலகக் கோப்பையை வென்ற இங்கிலாந்து அணியின் நடுத் தடுப்பாட்டக்காரர். லீட்ஸ் யுனைடெட்டுக்காக 773 ஆட்டங்கள் ஆடியவர்; அந்தக் கழகத்தில் அதுவே இன்றுவரை சாதனை. 2020 ஜூலை 10 அன்று, தமது 85-ஆம் வயதில் அவர் மறைந்தபோது, நிணநீர்ப் புற்றோடும் மறதிநோயோடும் போராடிவந்ததாகக் குடும்பத்தார் தெரிவித்தனர்.

கால்பந்தில் தடுப்பாட்டக்காரரின் தொழில் வாழ்க்கை எத்தகையது, அதற்கு அவர் கொடுக்கும் விலை என்ன என்பதைப் புரிந்துகொள்ள ஜாக் சார்ல்டனைவிடப் பொருத்தமான ஓர் எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

முதலில், தடுப்பாட்டக்காரர் என்பவர் யார்? கோல் அடிப்பவரைப் பற்றி நாம் அறிந்த அளவுக்கு, கோல் விழாமல் பார்த்துக்கொள்பவரைப் பற்றி அறிந்திருப்பதில்லை. மரடோனாவைத் தெரியும், பெலேவைத் தெரியும். அவர்களை மறித்து நின்றவர்களின் பெயர் நினைவில் இருப்பதில்லை. தடுப்பாட்டக்காரர் தொண்ணூறு நிமிடம் பிழையின்றி ஆடினால் செய்தித்தாளில் அவருக்கு ஒரு வரி கிடைக்கும். ஒரே ஒரு முறை சறுக்கினால் தலைப்புச் செய்தியாகிவிடுவார். ஜாக் சார்ல்டனுக்கே அது நேர்ந்தது. 1966 அரையிறுதியில் போர்ச்சுகலுக்கு எதிராகப் பந்தைக் கையால் தடுத்தார். கிடைத்த பெனால்டியை யூசேபியோ கோலாக்கினார். அந்தப் போட்டித்தொடரில் இங்கிலாந்து வாங்கிய முதல் கோல் அதுதான். இறுதியாட்டத்தின் கடைசி நிமிடத்தில், கோப்பை கைக்கு எட்டிய வேளையில், அவர் செய்த தவறு என்று நடுவர் ஊதிய ஃப்ரீ கிக்கிலிருந்துதான் மேற்கு ஜெர்மனி கோல் அடித்துச் சமன்செய்தது. கூடுதல் நேரத்தில் இங்கிலாந்து 4-2 என்று வென்றதால் அது மன்னிக்கப்பட்டது. தோற்றிருந்தால் அந்தப் பழி அவரை ஆயுள் முழுவதும் துரத்தியிருக்கும். ஆட்டம் முடிந்ததும் அவர் முழந்தாளிட்டு, முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்ட படம் புகழ்பெற்றது.

அந்த உலகக் கோப்பையைப் பற்றி இன்னொரு சிறு தகவலைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மகன்கள் இருவரும், அதாவது ஜாக்கும் தம்பி பாபியும், உலகக் கோப்பை அரையிறுதியில் ஆடியபோது தந்தை அந்த ஆட்டத்தைப் பார்க்கவில்லை. சுரங்கத்தில் அவருக்கு அன்று ஷிப்ட் இருந்தது. அவருக்குக் கால்பந்தில் அவ்வளவாக நாட்டமும் இல்லை. கால்பந்து தாய்வழிச் சொத்து. தாய் சிஸ்ஸியின் சகோதரர்கள் நால்வர் தொழில்முறைக் கால்பந்து ஆடியவர்கள். நியூகாசில் அணியின் நட்சத்திரமான ஜாக்கி மில்பர்ன் அவருடைய பெரியப்பா - சித்தப்பா வழி உறவினர்.

தம்பி பாபி பிறவிக் கலைஞர். அண்ணன் ஜாக் உயரமானவர், ஒல்லியானவர், நீண்ட கழுத்துக்காரர். "ஒட்டகச்சிவிங்கி" என்று பட்டப்பெயரே இருந்தது. அவருக்கு இங்கிலாந்து அணியில் முதன்முதலாக இடம் கிடைத்தபோது முப்பது வயதாக ஒரு மாதமே இருந்தது. 1965 ஏப்ரலில் வெம்பிளியில் ஸ்காட்லாந்துடன் ஆடிய ஆட்டம் அது. என்னை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்று பயிற்சியாளர் ஆல்ஃப் ராம்சேயிடம் அவர் கேட்டாராம். எப்போதும் மிகச் சிறந்த வீரர்களையே நான் தேர்ந்தெடுப்பதில்லை, நான் மனத்தில் வைத்திருக்கும் ஆட்டமுறைக்குப் பொருந்துகிறவர்களைத் தேர்ந்தெடுக்கிறேன் என்ற பொருளில் ராம்சே பதில் சொன்னதாக ஜாக் தமக்கே உரிய கேலியோடு பலமுறை கூறியிருக்கிறார். அதில் அவமதிப்பு ஏதுமில்லை. தடுப்பாட்டக்காரரின் தொழிலுக்கு அதைவிடச் சுருக்கமான விளக்கம் கிடைக்காது.

லீட்ஸில் அவர் சேர்ந்தபோது அது இரண்டாம் பிரிவுக் கழகம். மேலே ஏறியது, இறங்கியது, மீண்டும் ஏறியது. 1961 வரை இங்கிலாந்தில் கால்பந்து வீரர்களின் சம்பளத்துக்கு உச்சவரம்பே இருந்தது; வாரத்துக்கு 20 பவுண்டுக்கு மேல் எந்தக் கழகமும் எவருக்கும் தரக் கூடாது. அதே ஆண்டில் டான் ரெவி பயிற்சியாளராகப் பொறுப்பேற்றார். அதற்கு முன் சக வீரராக இருந்தபோது, நான் மேலாளராக இருந்தால் உன்னை அணியில் சேர்க்க மாட்டேன் என்று ஜாக்கிடம் முகத்துக்கு நேரே சொன்னவர் ரெவி. ஆனால் ரெவியின் கீழ்தான் ஜாக் முழுமை பெற்றார். 1969-இல் லீக் பட்டம், 1972-இல் எஃப்.ஏ. கோப்பை, ஐரோப்பிய நகரங்களுக்கான கோப்பை இரண்டு முறை, 1967-இல் இங்கிலாந்தின் சிறந்த கால்பந்து வீரர் விருது என்று வரிசையாக வந்தன. 38 வயதுவரை ஆடினார்.

இருபது ஆண்டுகாலம் முதல்தர அணியில் நின்ற அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதே நம் கேள்வி.

வானில் வந்த பந்துகள்

அக்காலத்து இங்கிலாந்துக் கால்பந்தில் பந்து பெரும்பாலும் வானில்தான் பயணம் செய்தது. கோல் கீப்பர் ஓங்கி உதைத்தால் அது மைதானத்தின் பாதியைத் தாண்டி வந்து விழும். ஓரத்திலிருந்து விங்கர்கள் பந்தை வளைத்து உயர்த்தி அனுப்புவார்கள். கார்னரும் அப்படியே. இவை அனைத்தையும் எதிர்கொண்டு தலையால் முட்டித் திருப்பி அனுப்புவது நடுத் தடுப்பாட்டக்காரரின் முதன்மையான வேலை. பந்து எங்கே விழும் என்று அவர் காத்திருக்க முடியாது. எதிராளிக்கு முன்னால் துள்ளி எழ வேண்டும். தன் தலையோ எதிராளியின் தலையோ முழங்கையோ மோதினாலும் பின்வாங்கக் கூடாது. நெற்றி கிழிந்து, கட்டுப் போட்டுக்கொண்டு ஆடிய தடுப்பாட்டக்காரர்களின் படங்களை இங்கிலாந்து இன்றும் வீரத்தின் அடையாளமாகக் கொண்டாடுகிறது.

ஜாக் அதோடு நிற்கவில்லை. லீட்ஸ் அணிக்குக் கார்னர் கிடைத்தால் அவர் எதிரணியின் கோல் கீப்பருக்கு நேர் எதிரே, கோல் கோட்டின் மேலேயே போய் நின்றுகொள்வார். அவ்வளவு உயரமான ஒருவர் முன்னால் நின்றால் கீப்பரால் பந்தைப் பார்க்கவும் முடியாது, நெருங்கவும் முடியாது. அன்றைய விமர்சகர்கள் அதை நாகரிகமற்ற உத்தி என்றார்கள். ஆனால் பலன் கிடைத்தது. தடுப்பாட்டக்காரராக இருந்தும் லீட்ஸுக்காகத் தொண்ணூறுக்கும் மேற்பட்ட கோல்களை அடித்தவர் அவர். இரு முனைகளிலும் தலை; பயிற்சி நாள்களிலும் தலை. ஓர் ஆட்டத்தில் முட்டும் பந்துகளை எண்ணிவிடலாம். வாரம் முழுவதும் பயிற்சியில், வரிசையாக எறியப்படும் பந்துகளை முட்டிய கணக்கை யாரும் வைத்திருக்கவில்லை.

நம்மில் பலர் இதைத் தீங்கற்ற செயலாகவே எண்ணுகிறோம். பந்து மெத்தென்றிருக்கும், தலை கடினமானது, பிறகென்ன? மூளையின் அமைப்பைப் பார்த்தால்தான் விவகாரம் புரியும். மூளை மண்டையோட்டுக்குள் திரவத்தில் மிதக்கும் மென்மையான உறுப்பு. 410 முதல் 450 கிராம் எடையுள்ள பந்து வேகமாக வந்து நெற்றியில் மோதும்போது மண்டையோடு சட்டென்று நிற்கிறது அல்லது பின்னுக்குத் தள்ளப்படுகிறது. உள்ளே மூளை ஒரு கணம் தாமதித்து அசைகிறது, திரும்புகிறது, இழுபடுகிறது. நரம்பு இழைகள் மிக நுண்ணிய அளவில் முறுக்கேறுகின்றன. மயக்கம் வருவதில்லை, வலிகூட இருப்பதில்லை. ஒரு முறை நடந்தால் உடல் சரிசெய்துகொள்ளும். ஆயிரக்கணக்கான முறை, இருபது ஆண்டுகள் நடந்தால்?

குத்துச்சண்டை வீரர்களிடம் இதன் விளைவை 1928-லேயே மருத்துவ உலகம் பதிவு செய்துவிட்டது. ஓய்வுபெற்ற குத்துச்சண்டை வீரர்கள் சிலர் தள்ளாடுவதும், நாக்குழறுவதும், நினைவிழப்பதும் கண்டு, அமெரிக்க மருத்துவர் ஹாரிசன் மார்ட்லாண்ட் எழுதிய கட்டுரை அது. திரும்பத் திரும்ப விழும் அடிகளால் 'டௌ' எனப்படும் புரதம் மூளையில் தவறான வடிவில் திரண்டு, நரம்பணுக்களை மெல்ல அழிக்கும் இந்த நோயை இன்று சி.டி.இ. என்று சுருக்கமாகக் குறிப்பிடுகிறார்கள். உயிரோடிருக்கும்போது இதை உறுதிசெய்ய வழியில்லை. இறந்தபின் மூளையை நுண்ணோக்கியில் பார்த்தால்தான் தெரியும். கால்பந்து உலகம் இந்த விஷயத்தில் இவ்வளவு காலம் கண்ணை மூடிக்கொண்டிருக்க முடிந்ததற்கு இந்த ஒரு காரணமே பெரிதும் உதவியது.

கண்ணைத் திறந்துவைத்தது ஒரு தாக்குதல் ஆட்டக்காரரின் மரணம். வெஸ்ட் பிராம்விச் ஆல்பியன் அணியின் ஜெஃப் ஆஸ்ல், தலையால் கோல் அடிப்பதில் பேர்பெற்றவர். 2002 ஜனவரியில், 59 வயதில், மறதிநோய் முற்றி இறந்தார். மரண விசாரணை நடத்திய அதிகாரி, பந்தைத் தொடர்ந்து தலையால் முட்டியதே மூளைச் சிதைவுக்குக் காரணம் என்று கருதி, அது 'தொழில்நோயால் நேர்ந்த மரணம்' என்று பதிவு செய்தார். சுரங்கத் தொழிலாளிக்கும் கல்நார்த் தொழிலாளிக்கும் எழுதப்படும் அதே சொல். அன்றே எல்லாம் மாறியிருக்க வேண்டும். மாறவில்லை. ஆய்வு என்ற பெயரில் சில இளம் வீரர்களைக் கண்காணிக்கும் முயற்சி தொடங்கி, முடிவு எதையும் எட்டாமல் கரைந்துபோனது. 2014-இல், பாதுகாக்கப்பட்டிருந்த ஆஸ்லின் மூளையை கிளாஸ்கோவைச் சேர்ந்த நரம்பு நோய்க்கூறியல் வல்லுநர் வில்லி ஸ்டுவர்ட் மீண்டும் ஆராய்ந்து, அது சி.டி.இ. என்று கண்டறிந்தார். ஆஸ்லின் குடும்பத்தினர் விடாமல் போராடியதால்தான் அடுத்த கட்டம் சாத்தியமானது.

கோல் கீப்பர் சொன்ன சாட்சி

அந்த அடுத்த கட்டம், கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் ஸ்டுவர்ட் தலைமையில் நடந்த ஆய்வு. அதன் முடிவுகள் 2019 அக்டோபரில் வெளியாயின. ஸ்காட்லாந்தின் முன்னாள் தொழில்முறைக் கால்பந்து வீரர்கள் 7,676 பேரின் மரணப் பதிவுகளையும், அவர்களோடு வயது, பாலினம், வசிப்பிடத்தின் வறுமை நிலை ஆகியவற்றில் ஒத்த பொதுமக்கள் ஏறத்தாழ 23,000 பேரின் பதிவுகளையும் ஒப்பிட்டார்கள்.

முதல் முடிவு கால்பந்துக்குச் சாதகமானது. முன்னாள் வீரர்கள் இதயநோயாலும் நுரையீரல் புற்றாலும் இறப்பது குறைவு. எழுபது வயதுவரை அவர்களுடைய இறப்பு விகிதமே பொதுமக்களைவிடக் குறைவு. ஓடியாடிய உடல் பலன் தந்திருக்கிறது. இரண்டாம் முடிவுதான் கலக்கியது. மூளைச் சிதைவு நோய்களால் இறக்கும் அபாயம் அவர்களுக்கு மூன்றரை மடங்கு அதிகம். அல்சைமர் நோயில் ஏறத்தாழ ஐந்து மடங்கு. இயக்க நரம்பணு நோயில் நான்கு மடங்கு. பார்கின்சனில் இரண்டு மடங்கு.

இந்த மடங்குகளைப் படித்துப் பதறுவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுவது நியாயம். மூளைச் சிதைவு நோயே முதன்மைக் காரணமாக இறந்தவர்கள் வீரர்களில் 1.7 விழுக்காடு, பொதுமக்களில் 0.5 விழுக்காடு. பெரும்பாலான வீரர்களுக்கு இது வருவதில்லை. மேலும், இது பதிவேடுகளை ஒப்பிட்ட ஆய்வு. யார் எத்தனை முறை முட்டினார் என்று எண்ணிப் பார்த்த ஆய்வு அன்று. ஆகவே, காரணம் பந்துதான் என்று எப்படிச் சொல்வது? வீரர்கள் குடித்தது காரணமாக இருக்கலாமே? ஓய்வுக்குப் பின் வந்த மனச்சோர்வு? மைதானத்தில் தெளித்த மருந்து?

இந்த இடத்தில்தான் கோல் கீப்பர் சாட்சிக் கூண்டில் ஏறுகிறார். அவரும் அதே கழகத்தில், அதே ஊரில், அதே புல்லில், அதே சம்பளத்தில் ஆடியவர். ஆட்டம் முடிந்ததும் அதே மதுக்கூடத்துக்குப் போனவர். ஒரே ஒரு வேறுபாடு, அவர் பந்தைக் கையால் பிடிப்பார். தலையால் முட்டுவது அரிது. இயற்கையே ஏற்பாடு செய்து கொடுத்த ஒப்பீட்டுக் குழு. அதே ஆய்வுக் குழு 2021 ஆகஸ்டில் இரண்டாவது கட்டுரையை வெளியிட்டது. அதில் கோல் கீப்பர்களின் அபாயம் பொதுமக்களிலிருந்து குறிப்பிடத்தக்க அளவில் வேறுபடவில்லை. களத்தில் ஆடியவர்களுக்கு அது ஏறத்தாழ நான்கு மடங்கு. எல்லாரிலும் உச்சத்தில் இருந்தவர்கள் தடுப்பாட்டக்காரர்கள். அவர்களுக்கு ஐந்து மடங்கு.

ஆடிய காலமும் கணக்கில் வந்தது. தொழில்முறையில் ஐந்து ஆண்டுக்குக் குறைவாக ஆடியவர்களுக்கு அபாயம் இரண்டு மடங்கைச் சற்றே தாண்டியது. பதினைந்து ஆண்டுக்கு மேல் ஆடியவர்களுக்கு ஐந்து மடங்கைத் தாண்டியது. அளவு கூடக்கூட விளைவும் கூடுகிறது என்றால், அதை மருத்துவம் அலட்சியம் செய்யாது. புகையிலைக்கும் புற்றுக்கும் உள்ள தொடர்பு இப்படித்தான் உறுதிப்பட்டது.

ஒரு தற்காப்பு வாதம் இன்னும் உயிரோடிருக்கிறது. அந்தக் காலத்துத் தோல் பந்து மழையில் நனைந்து கனத்துவிடும்; இப்போதைய பந்து அப்படி இல்லை; எனவே இது பழைய தலைமுறையின் பிரச்சினை என்பது அது. கேட்க ஆறுதலாக இருக்கிறது. ஆனால் அந்த ஆய்வில் 1910 முதல் 1969 வரை பிறந்த வீரர்களைப் பகுத்துப் பார்த்தபோது, பிறந்த காலத்துக்கு ஏற்ப அபாயம் குறையவில்லை. நனைந்த பந்து கனக்கும், உண்மைதான். ஆனால் அது மெதுவாக வரும். நனையாத பந்து வேகமாக வரும். மூளைக்கு எடையும் வேகமும் சேர்ந்துதான் கணக்கு.

முழுமைக்காக ஸ்வீடன் நாட்டு ஆய்வையும் சொல்ல வேண்டும். 2023-இல் வெளியான அது, அந்நாட்டின் முதல் பிரிவில் ஆடிய 6,007 பேரை ஆராய்ந்தது. அங்கே அபாயம் ஒன்றரை மடங்கு மட்டுமே. இயக்க நரம்பணு நோயில் வேறுபாடே இல்லை. எனவே ஸ்காட்லாந்தின் எண்களை எல்லா நாட்டுக்கும் அப்படியே பொருத்துவது தவறு. ஆனால் அங்கேயும் கோல் கீப்பர்களுக்கு அபாயம் கூடவில்லை. இரு நாடுகளிலும் அதே சாட்சி, அதே வாக்குமூலம்.

அந்தப் பதினொருவர்

1966 இறுதியாட்டத்தில் ஆடிய பதினொருவரின் பிற்காலம் இந்த எண்களுக்கு முகம் தருகிறது. இடதுபுறத் தடுப்பாட்டக்காரர் ரே வில்சன் ஆட்டத்துக்குப் பின் இறுதிச்சடங்கு நடத்தும் தொழில் செய்தார். 2004-இல் அல்சைமர் கண்டறியப்பட்டு 2018-இல் மறைந்தார். மார்ட்டின் பீட்டர்ஸ் 2019-இல். ஜாக் 2020 ஜூலையில். அதே ஆண்டு அக்டோபரில், தடுப்புக்கும் நடுக்களத்துக்கும் இடையே நின்று ஆடிய நாபி ஸ்டைல்ஸ். அடுத்த மாதமே பாபி சார்ல்டனுக்கும் மறதிநோய் என்ற செய்தி வெளியானது. 2023-இல் அவரும் போனார். பதினொருவரில் ஐவர்.

இதில் ஸ்டைல்ஸ் 2010-இல் தம் உலகக் கோப்பைப் பதக்கத்தை ஏலத்தில் விற்றார், குடும்பத்துக்கு ஏதாவது விட்டுச்செல்ல வேண்டும் என்பதற்காக. ஒரு நாட்டுக்கு அதன் ஒரே ஆடவர் உலகக் கோப்பையை வென்று கொடுத்த அணியின் வீரர் அவர்.

ஜாக்குக்கு வந்த மறதிநோய் பந்தை முட்டியதால்தான் வந்தது என்று யாராலும் அறுதியிட்டுக் கூற முடியாது. எண்பதைத் தாண்டிய எவருக்கும் அது வரக்கூடும். ஆய்வு பேசுவது ஒரு கூட்டத்தின் அபாயத்தைப் பற்றி. தனியொருவரின் நோய்க்கு அது சான்றிதழ் தராது. ஆனால் தடுப்பாட்டக்காரர், இருபது ஆண்டுக்கால ஆட்டம் என்ற இரு அளவுகோல்களிலும் உச்சத்தில் இருந்தவர் அவர் என்பதை மறுக்க இயலாது. 1972-இல் ஜாக்கின் இடத்தை நிரப்புவதற்காக லீட்ஸ் வாங்கிய ஸ்காட்லாந்துத் தடுப்பாட்டக்காரர் கார்டன் மெக்வீன். அவருக்கு மறதிநோய் என்பதை 2021-இல் குடும்பம் அறிவித்தது. 2023-இல், 70 வயதில் இறந்தார். ஒரே கழகத்தில், ஒரே இடத்தில், அடுத்தடுத்து நின்ற இருவர்.

ஜாக்கின் இரண்டாம் வாழ்க்கை அயர்லாந்தில் நடந்தது. 1986 முதல் 1995 இறுதிவரை அவர் அந்நாட்டு அணியின் மேலாளர். ஓர் ஆங்கிலேயர் அந்தப் பதவிக்கு வருவதை அயர்லாந்தில் பலர் முதலில் ரசிக்கவில்லை. 1988 ஐரோப்பியக் கோப்பையில் அயர்லாந்து இங்கிலாந்தை 1-0 என வென்றபோது அந்த முணுமுணுப்பு அடங்கியது. 1990-இல் அந்நாடு முதன்முறையாக உலகக் கோப்பைக்குச் சென்று கால் இறுதிவரை எட்டியது. 1994-இல் இத்தாலியை வென்றது. 1996-இல் கௌரவக் குடியுரிமை வழங்கியது. அவருடைய ஆட்டமுறை எளிமையானது: பந்தை உயரத் தூக்கி எதிரணியின் பின்புறம் போடு, துரத்து, முட்டு. அழகில்லை என்றார்கள், வெற்றி வந்ததால் பொறுத்துக்கொண்டார்கள். தான் ஆடிய ஆட்டத்தையே அவர் ஒரு நாட்டுக்குக் கற்பித்தார் என்பதை இப்போது நினைக்கும்போது கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கிறது.

அவருடைய இறுதி மாதங்களைப் பதிவு செய்த ஆவணப்படம் 2020-இல் வெளியானது. அயர்லாந்தின் அந்தப் பெருநாள்களின் காட்சிகளை அவருக்குப் போட்டுக் காட்டுகிறார்கள். ஒரு நாடே தெருவில் இறங்கி ஆடிய அந்த நாள்களை, அதற்குக் காரணமானவர் வேறு யாருக்கோ நடந்ததைப் போலப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இப்போது என்ன நிலைமை? அமெரிக்கா 2015-லேயே பத்து வயதும் அதற்குக் கீழும் உள்ள சிறுவர்கள் பந்தை முட்டுவதற்குத் தடை விதித்தது. 2020 பிப்ரவரியில் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வட அயர்லாந்து கால்பந்துச் சங்கங்கள் தொடக்கப் பள்ளி வயதுச் சிறுவர்களின் பயிற்சியிலிருந்து அதை நீக்கின. 2021-இல் இங்கிலாந்தில் பெரியவர்களுக்கும் ஒரு வழிகாட்டுதல் வந்தது: பயிற்சி வாரமொன்றில் விசையோடு வரும் பந்தைப் பத்து முறைக்கு மேல் முட்டக் கூடாது. நீண்ட தூரத்திலிருந்து வருவது, கார்னர், ஃப்ரீ கிக் ஆகியவை இதில் அடங்கும். ஸ்காட்லாந்து 2022-இல் ஆட்டத்துக்கு முந்தைய நாளும் மறுநாளும் முட்டும் பயிற்சியே வேண்டாம் என்றது.

இவை நல்ல தொடக்கம். ஆனால் பெரியவர்களுக்கானவை வழிகாட்டுதல்கள். மீறினால் தண்டனை என்ன என்பதற்கு விடை இல்லை. பருவத்தின் நடுவில், மூன்று கோல்களை கார்னரில் விட்டுக்கொடுத்த அணியின் பயிற்சியாளர், தம் தடுப்பாட்டக்காரரைப் பதினொன்றாவது பந்தை முட்டாதே என்று நிறுத்துவார் என நம்புவது கடினம். உண்மையில், மருத்துவர்களின் எச்சரிக்கையைவிட ஆட்டப் போக்கின் மாற்றம்தான் தடுப்பாட்டக்காரர்களின் தலையை ஓரளவு காப்பாற்றியிருக்கிறது. 2019-இல் விதி மாறி, கோல் கீப்பர் தம் பெனால்டி பகுதிக்குள்ளேயே சக வீரருக்குப் பந்தைத் தட்டிக்கொடுக்கலாம் என்றானது. வானில் உதைப்பது குறைந்து தரையில் நகர்த்துவது பெருகியது. இன்றைய நடுத் தடுப்பாட்டக்காரரிடம் முதலில் எதிர்பார்க்கப்படுவது காலின் நுட்பம். ஆயினும் நாளை ஏதோ ஓர் அணி நீண்ட பந்துகளால் கோப்பை வென்றால் காற்று மீண்டும் திசை மாறும். நாகரிகத்தை நம்பிப் பாதுகாப்பை விட்டுவைக்க முடியாது.

இழப்பீட்டுப் பக்கம் இன்னும் மந்தம். வீரர்கள் சங்கமும் பிரீமியர் லீகும் சேர்ந்து 2023-இல் மூளைநலத்துக்கான நிதியொன்றை 10 லட்சம் பவுண்ட் முதலீட்டோடு தொடங்கின. பாதிக்கப்பட்ட முன்னாள் வீரர்களின் குடும்பங்கள் பராமரிப்புச் செலவுக்கு அதில் விண்ணப்பிக்கலாம். முன்னணி வீரர் ஒருவரின் சில மாதச் சம்பளத்தில் அடங்கிவிடும் தொகை அது. பழைய வீரர்களோ வாரத்துக்கு 20 பவுண்ட் உச்சவரம்பின் கீழ் ஆடத் தொடங்கியவர்கள். கருணை நிதியாக அல்லாமல், கால்பந்து வீரரின் மூளைச் சிதைவை அரசின் தொழில்நோய்ப் பட்டியலில் சேர்த்து உரிமையாகவே உதவ வேண்டும் என்பது குடும்பங்களின் நெடுநாள் கோரிக்கை. அதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களில் ஒன்றுக்குக் கனம் உண்டு. மறதிநோய் யாருக்கும் வரும் நோய். எது தொழிலால் வந்தது, எது முதுமையால் வந்தது என்று தனித்தனியாகப் பிரிக்க முடியாது. ஆனால் நுரையீரல் புற்றும் அப்படிப்பட்டதே. கல்நாரோடு வேலை பார்த்தவருக்கு அது வந்தால், குறிப்பிட்ட நிபந்தனைகளின் கீழ் சட்டம் தொழிலாளியின் பக்கம் சாய்கிறது. இன்ன காலம், இன்ன இடத்தில் ஆடியவர் என்ற அளவுகோலைக் கால்பந்துக்கும் வகுக்க முடியும். எந்த இடம், எத்தனை ஆண்டு என்பதை கிளாஸ்கோ ஆய்வு ஏற்கெனவே ஓரளவு சொல்லிவிட்டது.

ஆஷிங்டனின் சுரங்கங்களில் கரித்தூசியை உள்ளிழுத்து நுரையீரல் கெட்டுப்போன தொழிலாளிக்குப் பிரிட்டனின் சட்டத்தில் ஒரு நோயின் பெயரும் ஓர் இழப்பீட்டு வழியும் உண்டு. அதைப் பெறத் தலைமுறைகள் போராட வேண்டியிருந்தது. அந்தத் தூசிக்கு அஞ்சித்தான் பதினைந்து வயது ஜாக் மேலே ஏறி வந்து, திறந்தவெளியில் புல்தரையில் வேலை தேடிக்கொண்டார்.